படகின் பின்பலகை



அலுமினியப் படகு இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. எடையும் குறைவு. ஆற்றிலும் அணை நீரிலும் பல ஆண்டு உழைக்கும். ஆனால் அந்தப் படகிலும் மக்கிப் போகும் பாகம் ஒன்று உண்டு. அது எது தெரியுமா? பல படகுகளில் பின்பக்கத் தகட்டை ஒட்டி உள்ளே ஒரு மரப்பலகை இருக்கும். அதுதான் பின்பலகை. டிரான்சம் என்றும் சொல்வார்கள்.

வெளியே மாட்டும் எஞ்சின் இந்தப் பலகையில்தான் தொங்குகிறது. 10 குதிரைசக்தி எஞ்சின் ஏறக்குறைய 40 கிலோ இருக்கும். அது படகைத் தள்ளும் விசையையும் பலகைதான் தாங்குகிறது. தகடு மெல்லியது. பலகை மக்கினால் தகடு வளையும், கிழியும். எஞ்சின் கழன்று தண்ணீரில் விழும். ஓடும் வெள்ளத்தில் எஞ்சின் இல்லாத படகு எங்கே போகும்? படகில் இருப்பவர்களின் கதி என்ன?

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். அப்படித் திடீரென்று இறக்கும் படகு திடமாக இருக்க வேண்டும். கரையில் சும்மா கிடக்கும் படகுதான் கண்ணுக்குத் தெரியாமல் மக்குகிறது.

மரம் ஏன் மக்குகிறது? பூஞ்சைக் காளான் மரத்தைத் தின்கிறது. அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். போல்ட் துளை வழியாக மழைநீர் கசிகிறது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே தங்குகிறது. வெயில் படுவதில்லை. ஈரம் காய்வதில்லை.

மக்கியதைக் கண்டுபிடிப்பது எப்படி? எஞ்சினைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். பின்பலகை கூடவே ஆடினால் சந்தேகப்படுங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய மரம் பொத்பொத்தென்று ஒலிக்கும். ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். ஈரமான பழுப்புத் தூள் வந்தால் பலகையை மாற்ற வேண்டும். மேலே பூச்சு பூசி மறைப்பது ஆபத்து.

மாற்றுவது எப்படி? முதலில் எஞ்சினை இறக்குங்கள். போல்ட்களைக் கழற்றிப் பழைய பலகையை எடுங்கள். பொடிந்தாலும் எறிய வேண்டாம். துண்டுகளைச் சேர்த்து அட்டையில் அளவு வரையுங்கள். பழைய பலகையின் கனத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். 36 மில்லிமீட்டர் கனம் வேண்டுமானால் 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை எப்பாக்சி பசையால் ஒட்டி, இறுக்கிக் காய விடுங்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் வேண்டாம். ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். செம்பு கலந்த பெயின்டும் ஆகாது.

இப்போது முக்கியமான வேலை. போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போடுங்கள். அவற்றை எப்பாக்சியால் நிரப்புங்கள். காய்ந்த பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. பலகை முழுவதும் மூன்று முறை எப்பாக்சி பூசுங்கள். ஓரங்களை விட்டுவிடாதீர்கள். பலகையின் ஓரம்தான் நீரை அதிகம் உறிஞ்சும். எப்பாக்சி வெயிலைத் தாங்காது. அதனால் மேலே பெயின்ட் அடியுங்கள். வேலை செய்யும்போது கையுறை போடுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் அகலமான வாஷரும் போடுங்கள். ஒவ்வொரு துளையிலும் சீலன்ட் வையுங்கள். அது நீரைத் தடுக்கும். இரண்டு உலோகங்களும் நேராக உரசாமலும் காக்கும்.

பிறகு என்ன? படகைக் கரையேற்றியதும் வடிகால் அடைப்பைத் திறந்து, பின்பக்கம் சற்றுத் தாழ வையுங்கள். மழைநீர் வடிந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை போல்ட்களைச் சோதியுங்கள். மழைக்காலம் வருவதற்கு முன்பே பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்.