குடலுக்குள் நடக்கும் சர்க்கரை வேலை



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் ஒவ்வொருவருடைய வயிற்றுக்குள்ளும் இந்த நிமிஷத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைப் பற்றியதாகும். இதை அறிய ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் போதும்.

நம் குடலில், அதிலும் பெருங்குடலில், பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன என்பது உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அவை எத்தனை என்று கேட்டால், நம் உடம்பின் உயிரணு ஒன்றுக்குப் பாக்டீரியா பத்து என்று மெத்தப் படித்தவர்களே நெடுநாள் சொல்லி வந்தார்கள். அது 1972-ல் ஒருவர் உத்தேசமாய்ப் போட்ட கணக்கு. அவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுத, அவரைப் பார்த்து மற்றவர் எழுத, நாற்பது வருஷ காலம் அதை எவரும் தட்டிக் கேட்கவில்லை. 2016-ல் மறுபடி கணக்குப் பார்த்தபோது உயிரணு சுமார் 30 லட்சம் கோடி என்றும், பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்றும், அதாவது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்றும் தெரிந்தது. விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லி வந்தாலும், பார்த்து எழுதியது எது, சோதித்து எழுதியது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி நமக்குப் பின்னாலும் வேண்டியிருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாக்டீரியாக்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, சர்க்கரையை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டவைப்பது. சர்க்கரை என்றவுடன் காப்பியில் போடுவது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். குளுக்கோஸ், காலக்டோஸ், பியூக்கோஸ் என்று அதில் பல இனங்கள் உண்டு. ஒட்டுகிற வேலையைச் செய்வது நொதி, அதாவது என்சைம். பூக்கடையில் ஒருவர் மல்லிகைதான் தொடுப்பார், இன்னொருவர் கனகாம்பரந்தான் தொடுப்பார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொதியும் அப்படித்தான். அதற்கு இன்ன சர்க்கரை, அதை ஒட்ட இன்ன இடம் என்று உண்டு. சர்க்கரை தானாகவும் ஒட்டிக்கொள்ளாது. அதற்கு ஒரு கைப்பிடி மாட்டிக் கொடுத்தால்தான் பெரும்பாலான நொதிகள் அதைப் பிடிக்கும். அந்தக் கைப்பிடியைக் கண்டறிந்தவர் அர்ஜென்டீனா நாட்டு லெலுவார் என்பவர். அவருக்கு 1970-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த வேலையால் மனிதனுக்கென்ன என்று கேட்கலாம். ரத்தத்தைப் பற்றிப் பேசினால் விளங்கும். உயர்ந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம் என்று எத்தனையோ காலமாய்ப் பேசி வருகிறார்கள் அல்லவா? 1901-ல் வியன்னா நகரத்தில் லாண்ட்ஸ்டெய்னர் என்பவர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து வகை பிரித்தார். ஏ, பி, ஓ என்று இன்று ஆஸ்பத்திரியில் எழுதுவது அந்தப் பிரிவினைதான். அதில் என்ன வித்தியாசம் என்று பின்னால் வந்தவர்கள் தோண்டிப் பார்த்ததில், சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஒரே ஒரு சர்க்கரையில் இருக்கிறது சங்கதி. நுனியில் காலக்டோஸ் இருந்தால் பி. அசெட்டைல் காலக்டோசமின் என்னும் அதன் உறவுச் சர்க்கரை இருந்தால் ஏ. இரண்டும் இல்லாவிட்டால் ஓ. அதை ஒட்டுகிற நொதி 354 அமினோ அமிலங்களால் கோத்த ஒரு மாலை. ஏ-க்காரனுடைய மாலைக்கும் பி-க்காரனுடைய மாலைக்கும் அதில் நான்கே இடத்தில்தான் பேதம் என்று 1990-ல் கண்டார்கள். இந்த வகைகள் எல்லாச் சாதியிலும் இருக்கின்றன. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே வேறாகவும் இருக்கின்றன.

இதைவிட வேடிக்கை ஒன்று கேளுங்கள். குடலில் இருக்கும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் ஓ86 என்று ஒரு வகை. அதன் மேல்தோலில் பி ரத்தத்தின் அதே சர்க்கரை நுனி இருக்கிறது. ஏ ரத்தக்காரனுடைய உடம்பில் பி-யை எதிர்க்கும் பொருள் இருப்பதால்தான் அவனுக்கு பி ரத்தம் ஏற்றினால் ஆபத்து என்கிறார்கள். வேற்று ரத்தத்தையே பார்த்திராத உடம்புக்கு அந்த விரோதம் எங்கிருந்து வந்தது? ஜார்ஜ் ஸ்பிரிங்கர் என்பவர் கோழிக்குஞ்சுகளைக் கொண்டு இதைச் சோதித்து 1959-ல் வெளியிட்டார். சாதாரணமாய் வளர்ந்த குஞ்சுகளுக்கு அந்த எதிர்ப்பு வந்தது. கிருமியே நுழையாத பெட்டியில் வளர்ந்த குஞ்சுகளுக்கு அந்த நாளில் வரவில்லை. பிறந்த குழந்தையிடமும் சொந்தமாய் அது இருப்பதில்லை. சில மாதங்கள் கழித்தே தோன்றுகிறது. ஆகவே, பிறவி விரோதம் என்று நினைத்தது குடலில் வந்து குடியேறிய பாக்டீரியா கற்றுக்கொடுத்த பாடம் என்று ஏற்பட்டது.

இப்போது நம் முக்கியமான கேள்விக்கு வருகிறோம். குடல் பாக்டீரியாக்களின் மரபெழுத்தை இன்று இயந்திரங்கள் சளைக்காமல் வாசித்துத் தள்ளுகின்றன. ஆனால் இன்ன மாலை இன்ன வேலை செய்கிறது என்று எப்படித் தெரிவது? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பார்க்க ஆளுமில்லை, காலமுமில்லை. ஆகையால் ஜாடை பார்க்கிறார்கள். பிரான்ஸ் தேசத்து மார்செய்ல் நகரில் ஆன்ரிசா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த நொதிகளை எழுத்து வரிசையின் ஒற்றுமையைக் கொண்டு குடும்பங்களாய்ப் பிரித்திருக்கிறார்கள். இன்று சர்க்கரை ஒட்டும் நொதிகளுக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உண்டு. புதிதாய் ஒன்று வந்தால் எந்தக் குடும்பத்து ஜாடை என்று பார்த்து, அதன் வேலை இன்னதாக இருக்கலாம் என்று எழுதுகிறார்கள். பக்கத்தில் என்ன மரபணுக்கள் இருக்கின்றன என்றும் பார்ப்பதுண்டு. இது நல்ல வழிதான். இதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் "இருக்கலாம்" என்று எழுதியதை அடுத்தவர் "இருக்கிறது" என்று எழுதிவிடுவதும், அவரைப் பார்த்து ஆயிரம் பேர் எழுதிவிடுவதும் நடக்கிறது. முதலில் சொன்ன பத்துக்கு ஒன்று கதைதான்.

ரத்தவகை நொதிகள் ஆறாவது குடும்பத்தைச் சேர்ந்தவை. ஓ86 பாக்டீரியாவின் நொதியும் அதே குடும்பம். ஜாடையைக் கொண்டு ஊகித்தார்கள். பிறகு அந்த நொதியைத் தனியாகத் தயாரித்து, கைப்பிடியுள்ள காலக்டோஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். பி நுனி உண்டாயிற்று. 2005-ல் இது வெளிவந்தது. ஊகம் பலித்தது. பாக்டீராய்டஸ் ஓவேட்டஸ் என்னும் இன்னொரு குடல்வாசியிடமும் அதே குடும்பத்து நொதி ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்தாருக்கு வேலை செய்ய மாங்கனீஸ் போன்ற ஓர் உலோகம் வேண்டும் என்பது அதுவரை கண்ட வழக்கம். 2009-ல் புளோரிடாவில் சோதித்தார்கள். அது ஏ நுனிக்குரிய சர்க்கரையை ஒட்டியது. உலோகம் இல்லாமலே ஒட்டியது! உலோகத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அதற்கு வேறு அமிலங்கள் இருந்தன. சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், குடும்ப வழக்கப்படி இதற்கும் உலோகம் வேண்டும் என்றே ஏடுகளில் எழுதியிருப்பார்கள். பிறந்த குடும்பத்தைக் கேட்டுவிட்டு, அவன் செய்யக்கூடிய தொழில் இன்னது என்று முடிவு கட்டுகிற வழக்கத்தை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

ஒரே வேலை நன்மையாகவும் கொலையாகவும் முடியும் என்பதற்கு இன்னொன்றைச் சொல்லுகிறோம். கிளாஸ்டிரிடியம் டிஃபிசைல் என்றொரு குடல் கிருமி. 1935-ல் பிறந்த குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டபோது யாரும் பெரிதாய் நினைக்கவில்லை. ஆன்டிபயாடிக் மருந்து தின்றவர்களுக்கு வரும் கடுமையான கழிச்சலுக்கும் குடற்புண்ணுக்கும் இதுவே காரணம் என்று 1978-ல் தெரிந்தது. மருந்து மற்றக் குடல்வாசிகளைக் கொன்றுவிட, இது தனிக்காட்டு ராஜாவாகிறது. இதன் விஷம் என்ன செய்கிறது என்று 1995-ல் ஜெர்மானியர் கண்டார்கள். அந்த விஷமும் சர்க்கரை ஒட்டுகிற நொதிதான்! நம் உயிரணுவுக்குள் புகுந்து, ரோ என்னும் புரதத்தின் 37-வது இடத்தில் ஒரே ஒரு குளுக்கோஸை ஒட்டிவிடுகிறது. உயிரணுவின் சட்டகத்தைக் கட்டிக்காப்பது ரோவின் வேலை. சர்க்கரை ஒட்டியவுடன் அது செயலற்றுப் போக, அணு உருண்டு திரண்டு உதிர்கிறது. காய்ச்சல் வந்தவுடன் டாக்டரைக் கேட்காமல் கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்கும் தோழர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்பார்களாக.

இந்த நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு என்ன செய்வது என்று டச்சு நாட்டு வைத்தியர்கள் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியமுள்ள வேறொருவருடைய மலத்தைக் கரைத்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குடலில் சேர்த்தார்கள். முகம் சுளிக்கிறீர்கள். பஞ்சகவ்வியம் குடிக்கும்போது சுளிக்காதவர்களும் சுளிப்பதைக் காண்கிறோம். யார் மலம், என்ன குலம் என்று கேட்கவில்லை. நோய் உண்டா என்று மட்டும் பரிசோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றப் பிரிவினருக்கு இதுவும் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். வான்கோமைசின் என்னும் மருந்தை மட்டும் தின்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர். மலக் கரைசல் சேர்த்த 16 பேரில் முதல் தடவையிலேயே 13 பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். பாக்கி மூவருக்கு வேறொருவருடையதைக் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் குணமானார்கள்.