மருந்தும் மூலிகையும்: குடல், இரைப்பைப் புற்றுநோய் குறித்து ஒரு சிந்தனை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டுதோறும் இம்மேடையில் கல்வியைப் பற்றியோ வரதட்சணையைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு வயிற்றைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தொழுகை வரிசையில் தவறாமல் நின்ற பெரியவர் ஒருவர், மலத்துடன் இரத்தம் போவதைக் கண்டார். மூலம் என்று எண்ணிக்கொண்டார். வெட்கத்தால் மக்களிடமும் சொல்லவில்லை. எட்டு மாதங்கள் கஷாயமும் கருஞ்சீரக எண்ணெயும் அருந்தி வந்தார். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது பெருங்குடலில் தோன்றிய புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்தது. நலம் விசாரிக்கச் சென்ற நம்மிடம், "ஹழ்ரத், நீங்கள் ஜும்ஆவில் சொன்ன கருஞ்சீரகத்தை விடாமல்தானே சாப்பிட்டேன்?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரலன்று அது. விளங்காமல் கேட்ட கேள்வி. மிம்பரில் கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொன்ன நாம், மருத்துவரையும் பாருங்கள் என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லவில்லை. அவருடைய ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். அந்தக் கேள்விக்கு அன்று சொல்லாத விடையை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

உண்ணும் உணவு

முதலில் இரைப்பை. இரைப்பைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியாகும். 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதைக் கண்டறிந்தனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணி என அறிவித்தது. இதைப் பரிசோதனையால் கண்டறியலாம், மாத்திரைகளால் நீக்கலாம். ஓயாத வயிற்றெரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் சோடா குடித்துச் சமாளிப்போர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அடுத்து இறைச்சி. அதே முகமை 2015-இல், பதப்படுத்தப்பட்ட இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்றும், ஆடு மாடுகளின் சிவப்பிறைச்சி உண்டாக்கக்கூடும் என்றும் வகைப்படுத்தியது. சாசேஜ், சலாமி போன்றவற்றை நாள்தோறும் 50 கிராம் உண்டால் ஆபத்து 18 விழுக்காடு கூடுகின்றது. இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். நூறு பேரில் ஐவருக்கு வரக்கூடிய நோய், ஏறக்குறைய ஆறு பேருக்கு வரும் என்பதே இதன் பொருள். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹலால் என்னும் முத்திரை அறுத்த முறைக்குச் சான்று; அதில் சேர்த்த நைட்ரைட் உப்புக்குச் சான்றன்று. சிவப்பிறைச்சியைப் பொறுத்தவரை, சமைத்த நிலையில் வாரத்திற்கு 350 முதல் 500 கிராமுக்கு மேற்படாதிருக்குமாறு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் அறிவுறுத்துகின்றது. ஒரே வாரத்தில் இரண்டு வலீமா விருந்துகள் வந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!

தேநீரும் அவ்வாறே. ஈரானின் கோலஸ்தான் மாகாணத்தில் 50,000 பேரைப் பல்லாண்டுகள் கண்காணித்து 2019-இல் வெளியான ஆய்வு, கொதிக்கக் கொதிக்க மிகுதியாகத் தேநீர் அருந்துவோருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. பழுது தேயிலையில் இல்லை, சூட்டில்தான். ஊற்றிய தேநீரைச் சில நிமிடம் ஆறவிடுவதற்குச் செலவொன்றுமில்லை.

காய்கறி, கீரை, பயறு, தீட்டாத தானியங்கள் ஆகியவற்றிலுள்ள நார்ச்சத்து பெருங்குடலுக்கு நன்மையானது. 2022-இல் ஒரு வியத்தகு முடிவு வெளியாயிற்று. பரம்பரையாகப் புற்றுநோய் வரும் லிஞ்ச் நோய்க்குறி உடையோருக்கு, வாழைக்காயிலும் ஆறிய சோற்றிலும் உள்ளதைப் போன்ற எளிதிற் செரிக்காத மாவுச்சத்தை நாளொன்றுக்கு 30 கிராம் வீதம் ஈராண்டு வரை கொடுத்தனர். பெருங்குடல் புற்றுநோய் குறையவில்லை. இரைப்பை, கணையம் முதலிய மேல்வயிற்று உறுப்புகளின் புற்றுநோயோ பாதிக்கும் கீழாகக் குறைந்தது. எதிர்பார்த்த இடத்தில் பயனில்லை, எதிர்பாராத இடத்தில் பயன்! சோதித்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்லலாகாது என்பதற்கு இதுவே சான்று.

மஞ்சளும் கருஞ்சீரகமும்

மஞ்சளிலுள்ள குர்குமினும் கருஞ்சீரகத்திலுள்ள தைமோகுயினோனும் ஆய்வுக்கூடக் குடுவையில் புற்றணுக்களைக் கொல்கின்றன. இது பொய்யன்று. ஆனால் குடுவை வேறு, மனித உடல் வேறு. அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளிகளுக்கு நாள்தோறும் 8 கிராம் குர்குமின் கொடுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கில் கொள்ளத்தக்க 21 பேரில் இருவரிடம் மட்டுமே பயன் காணப்பட்டது. இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்ந்திருந்தது. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உள்ளது. எனவே அந்த 8 கிராமைப் பெற நாளொன்றுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் உண்ண வேண்டும்!

அப்படியானால் தாவரத்தில் மருந்தில்லையா? உண்டு. 1966-இல் அமெரிக்க அறிஞர் மன்ரோ வாலும், மராட்டிய மண்ணில் பிறந்த மன்சுக் வாணியும் சீன மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடியொன்றிலும் இப்பொருள் உண்டு. முதலில் அது நோயாளிகளுக்குக் கடுந்தீங்கு விளைவித்ததால் சோதனைகள் நிறுத்தப்பட்டன. பின்னர் அதன் அமைப்பை மாற்றி இரினோடெக்கான் என்னும் மருந்தாக்கினர். 1996-இல் அமெரிக்க அரசு அதனைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதித்தது. மரப்பட்டைக்கும் மருந்துக்கும் இடையே முப்பதாண்டு உழைப்பு கிடக்கின்றது.

மருத்துவம் செய்துகொண்டே மூலிகையும் உண்போர் இன்னொன்றையும் கேளுங்கள். இதே இரினோடெக்கானை ஏற்றிக்கொண்டோர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மேனாட்டு மூலிகையையும் உண்டபோது, இரத்தத்தில் மருந்தின் செயற்படு பொருள் 42 விழுக்காடு குறைந்ததை 2002-இல் கண்டறிந்தனர். எனவே எந்த மூலிகையை உண்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

காலம் தாழ்த்தியவர் கணக்கு

2018-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் ஒரு கணக்கெடுத்தனர். புற்று தொலைவிடங்களுக்குப் பரவுமுன் கண்டறியப்பட்டும், மருத்துவத்தை விடுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 பேரை, முறையான சிகிச்சை பெற்றோருடன் ஒப்பிட்டனர். முன்னவர்க்கு இறப்பின் ஆபத்து இரண்டரை மடங்கு. பெருங்குடல் புற்றுநோயில் மட்டும் நான்கு மடங்குக்கும் மேல். இவ்வெண்ணைப் படித்தபோது அந்தப் பெரியவரின் முகமே நம் கண்முன் வந்தது.

சிகிச்சை பெற்றோர்க்கு நற்செய்தியும் உண்டு. அறுவையும் கீமோ சிகிச்சையும் முடிந்த 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. மூன்றாண்டுகள் வழிகாட்டுதலுடன் உடற்பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 90 பேர் எட்டாண்டுக்குப் பின்னும் வாழ்ந்திருந்தனர். ஏனையோரில் 83 பேர். அவர்களிற் பலர் செய்தது விரைந்து நடப்பது தான்.

அன்பர்களே! கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை நாம் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. எனினும் அது பொதுச் சொல்லாயினும் குறிப்பிட்ட நோய்களையே கருதியது என இமாம் கத்தாபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் பல நூற்றாண்டுகட்கு முன்பே விளக்கியுள்ளனர். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபிகளார் (ஸல்) அவர்களே. ஒன்றை மட்டும் எடுத்து மற்றொன்றை விட்டது நமது பிழை.

ஆதலால் வேண்டிக்கொள்கின்றோம்: மலத்தில் இரத்தம், விழுங்குவதில் தடை, காரணமற்ற எடைக் குறைவு, மாறிப்போன மலப்போக்கு, விளங்காத இரத்தசோகை — இவற்றில் ஒன்று சில வாரம் நீடித்தாலும் மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். பொருள் இல்லையென்றால் நம்மிடம் வாருங்கள். குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கென பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்குமாறு நிர்வாகத்தை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கின்றோம். கஃபனுக்கு உதவும் ஜமாஅத், அதற்கு முன்பே உதவட்டும்.

நோயுற்றோர்க்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.