சாட்சியாய் நின்ற எழுத்தாளர்

இன ஒதுக்கலை எதிர்த்து எழுதியோர் உலகிற் பலர் உளர். அவ்வொதுக்கல் தம் உள்ளத்தில் விளைவித்த நஞ்சையும் அதே கண்கொண்டு நோக்கியவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜேம்ஸ் போல்ட்வின்.

அவர் 1924ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி, நியூயோர்க் மாநகரில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹார்லெமிற் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர். வளர்ப்புத் தந்தையார் ஆலைத் தொழிலாளி, மதபோதகர். வெள்ளையரை அறவே நம்பாதவர்; வீட்டாரிடத்தும் கடுமை மிக்கவர். மகனும் பதினான்காம் வயது முதல் மூன்றாண்டுகள் சிறு தேவாலயத்திற் பிரசங்கஞ் செய்தார். பின்னர் அதனைத் துறந்தாரெனினும், அப்பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் அவரது உரைநடையை விட்டு நீங்கவேயில்லை. அவரது கட்டுரையொன்றை உரக்க வாசிப்பார்க்கு இது நன்கு புலனாகும்.

இளமையில் அவருக்கு வழிகாட்டியவர் போபர்ட் டிலேனி என்னும் கறுப்பின ஓவியர். ஒருநாள் இருவரும் தெருவில் நிற்கையில், ஓரத்திலே தேங்கிய நீரைச் சுட்டி, 'பார்' என்றார் டிலேனி. இளைஞர் பார்த்தார், அழுக்கு நீரன்றி ஒன்றுந் தெரியவில்லை. மீண்டும் பார்க்கச் சொன்னார். இம்முறை நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதப்பதும், அதிலே கட்டடங்கள் நெளிந்து ஒளிர்வதுந் தெரிந்தன. கண்ணுக்குப் பழகிய ஒன்றை இருமுறை பார்க்கும் பழக்கம் அன்று அவரைப் பற்றிக்கொண்டது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் நியூ ஜேர்சியில் வேலை செய்தார். அங்கே உணவுச்சாலைகளிற் கறுப்பருக்கு உணவு மறுக்கப்பட்டது. ஒருநாள் இரவு, மறுப்பார்களென்று அறிந்தே ஒரு பெரிய உணவுச்சாலையுட் புகுந்து அமர்ந்தார். பரிமாறும் பெண் அச்சத்தோடு வந்து வழக்கமான மறுமொழியைச் சொன்னாள். போல்ட்வின் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அவள்மீது எறிந்தார். அவள் குனிந்தாள், பின்னாலிருந்த கண்ணாடி நொறுங்கியது. அவர் தப்பியோடினார், துரத்தி வந்தோரை நண்பரொருவர் திசைதிருப்பி விட்டார்.

இதனை எழுதிய போல்ட்வின் தமது வீரத்தைச் சொல்லவில்லை. அன்றிரவு தாம் கொலையுண்டிருக்கலாம் என்பதை ஓர் உண்மையாகவும், தாமே கொலை செய்ய ஆயத்தமாய் இருந்ததை மற்றோர் உண்மையாகவும் பதிவு செய்தார். தம் உயிருக்கு உண்மையான ஆபத்து தம் நெஞ்சில் வளர்ந்த வெறுப்பே எனக் கண்டார். தந்தையார் அத்தகைய வெறுப்பினாலேயே உள்ளூரக் கருகினார் என்பது அவர் துணிபு. 1943இல் தந்தையார் இறந்தார்; ஈமச்சடங்கு நடந்தது மகனின் பத்தொன்பதாம் பிறந்தநாளில். அவ்வேளை ஹார்லெமிற் கலகம் மூண்டிருந்தது; சிதறிய கண்ணாடித் துண்டுகளினூடே சவ ஊர்தி சென்றது. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்கிய கட்டுரையே, 1955இல் வெளிவந்த தொகுதிக்குத் தன் பெயரைத் தந்தது.

1948இல் நாற்பது டொலரோடு பாரிஸ் சென்றார். அங்கிருந்து அவர் வெளியிட்ட கட்டுரையொன்று பெருஞ் சச்சரவைக் கிளப்பியது. எதிர்ப்புக் குரலாக மட்டும் எழுதப்படும் நாவல், மனிதனைச் சிறுமைப்படுத்தி வெறும் பொம்மையாக்கிவிடும் என்பது அவர் வாதம். அதிற் கண்டிக்கப்பட்டவருள் ரிச்சர்ட் ரைட்டும் ஒருவர். போல்ட்வினுக்கு முதல் உதவித்தொகை கிடைக்கத் துணைநின்றவர். ரைட்டின் மனம் புண்பட்டது; உறவு முறிந்தது. 1960இல் ரைட் மறைந்த பின்னர், அவரது படைப்பைத் தம் எழுத்திற்கு ஏறுபடியாகத் தாம் பயன்படுத்திக்கொண்டதை போல்ட்வின் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். இறந்தவரிடம் கேட்ட மன்னிப்பு அது, காலங்கடந்ததாயினும் நேர்மையானது.

1957இல் தாய்நாடு திரும்பித் தென்மாநிலங்களுக்குச் சென்றார். மாட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். அது முதல் மேடைகளும் கூட்டங்களும் அவர் காலத்தை விழுங்கலாயின. நாவலொன்றை முடிக்க இஸ்தான்புல் நகருக்கு ஓட வேண்டியதாயிற்று. 1961 டிசம்பரில் அங்கே அது நிறைவெய்தியது. 1963இலோ மூச்சுவிடவும் நேரமில்லை. மே 24ஆந் திகதி சட்டமா அதிபர் ரொபேர்ட் கென்னடியோடு நியூயோர்க்கில் நிகழ்ந்த சந்திப்பு கசப்பில் முடிந்தது. ஒக்டோபரில் அலபாமா மாநிலத்துச் செல்மாவில், வாக்காளராய்ப் பதிவதற்கு மக்கள் நாள் முழுவதும் வரிசையில் நின்றனர். அவர்களுக்கு உணவும் நீருங் கொடுக்க முயன்ற இளைஞர் தாக்கப்பட்டுக் கைதாயினர். போல்ட்வின் அங்கே நின்று பார்த்தார். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை அவர்மீது திரட்டிய கோப்பு 1,884 பக்கம்! அவர் எழுதிய எந்த நாவலும் அத்துணை நீண்டதன்று.

கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸ் 1963 ஜூனில் தம் வீட்டு முற்றத்திற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் நினைவிற்கு அர்ப்பணித்து போல்ட்வின் எழுதிய நாடகம் 1964இல் அரங்கேறியது. கலை குறைந்து பிரசங்கம் மிகுந்ததென விமரிசகர் சிலர் குறைகூறினர். எதிர்ப்பு நாவலைக் கண்டித்தவரே எதிர்ப்பு நாடகம் எழுதினார் என்பது உண்மை. ஆயினும், கொலைகாரனையும் மனிதனாக வரைந்து காட்டவேண்டுமே என்ற அச்சந் தம்மை வாட்டியதாக அந்நாடகத்தின் முன்னுரையில் அவர் எழுதியுள்ளார். வெறும் பிரசாரகருக்கு அவ்வச்சம் எழாது.

1968 பெப்ரவரியில் கிங்கோடு ஒரே மேடையில் தோன்றுவதற்காகக் கறுப்பு உடையொன்று வாங்கினார். ஏப்பிரலில் கிங் கொலையுண்டார். அவ்வுடையையே இறுதிச் சடங்கிற்கும் அணிந்தார். இனி அதனை அணிய இயலாதென ஒரு பத்திரிகையாளரிடம் அவர் சொன்னது அச்சேறியது. அதைப் படித்த பழைய ஹார்லெம் தோழரொருவர், தபாற்கந்தோர் ஊழியர், தமக்கும் அதே அளவுதானே, உடையைத் தரலாகாதா எனக் கேட்டனுப்பினார். போல்ட்வின் வாடகைச் சொகுசுக் காரிற் போய் இறங்கினார். உணவருந்தும்போது வியட்நாம் யுத்தம் பற்றிப் பேச்செழுந்தது. போல்ட்வின் வெகுண்டெழுந்து தோழரைக் கடுஞ்சொல்லால் தாக்கினார். பிற்பாடு 1972இல் வெளிவந்த நூலில் இதனை விரிவாக எழுதினார். தமக்கு அணிய மனம் பொறாத இரத்தந் தோய்ந்த நினைவு, தோழருக்கு நல்ல துணியாலான உடை. யாருக்காகப் பேசுவதாக உலகம் தம்மைப் போற்றியதோ, அவர்களுள் ஒருவர் வீட்டிலேயே தாம் அந்நியராய் அமர்ந்திருந்ததை அவர் மறைக்கவில்லை. இப்பகுதிக்காகவே அந்நூலைத் தேடிப் படிக்கலாம்.

அரசியல் அவரது கலையைக் கெடுத்ததென்பார் இன்றும் உளர். பிந்திய நாவல்களில் தளர்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் செல்மாவிற்குச் செல்லாத போல்ட்வின் இன்னுஞ் சிறந்த நாவல் எழுதியிருப்பார் என்று எதைக்கொண்டு சொல்வது? தம்மைத் தலைவரென்று அவர் கூறியதில்லை. சாட்சி என்றே கூறினார். சாட்சிக்கு நிகழ்விடத்தில் நிற்கும் கடனும் உண்டு, திரும்பிவந்து எழுதும் கடனும் உண்டு.

1987 டிசம்பர் 1ஆந் திகதி, தென் பிரான்சிலே செயின் போல் த வான்ஸ் என்னும் ஊரில் அவர் காலமானார். எவர்ஸ், மல்கம் எக்ஸ், கிங் ஆகிய மூவரையும் பற்றி எழுதத் தொடங்கிய நூல் முற்றுப்பெறவில்லை. எஞ்சியவை ஏறத்தாழ முப்பது பக்கங்களே. கொலையுண்டபோது அம்மூவருள் எவருக்கும் நாற்பது வயது நிறைந்திருக்கவில்லை. மூவரினும் மூத்தவர் போல்ட்வினே.