நெல்லின் அடியில் இரு பூச்சிகள்

பச்சைப் பசேலென நிற்கும் வயலில் ஓரிடம் மட்டும் மஞ்சளித்து, சில நாட்களில் வட்டமாக நெருப்புப் பட்டதுபோற் கருகுவதை உழவர் நன்கறிவர். அதற்குக் காரணம் கபிலநிறத் தத்தி. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் அதன் பெயர் அறக்கொட்டியான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மட்டங்களின் அடியிற் கூட்டங் கூட்டமாக ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சுவதால், வரம்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை.

அதே அடித்தண்டில் வேறொரு பூச்சியும் திரிகின்றது. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளம், பச்சை உடல், கரிய தலை. மிரிட் என்பது அதன் பெயர். இரண்டும் ஒரே பெருங்குலத்தவை. படுக்கையிற் கடிக்கும் மூட்டைப்பூச்சியும் அக்குலத்ததே! மெல்லும் தாடை இவற்றுக்கு இல்லை. ஊசி போன்ற அலகே உண்டு. ஆயினும், அவ்வூசி இறங்கும் இடம் வேறு. தத்தி தன் முட்டைகளை இலைமடலின் தசையினுள்ளே புதைத்து வைக்கும். அம்மறைவிடத்தை மிரிட் தேடிக் கண்டு, வெளியே நின்றபடியே அலகைச் செலுத்தி முட்டையை உறிஞ்சிவிடும். நாளொன்றுக்கு 7 முதல் 10 முட்டைகள் வரை அதற்கு இரையாகும். இளந் தத்திகளையும் அது விட்டுவைப்பதில்லை.

தத்தியைக் கண்டு பதறிய உழவர் கண்டபடி பூச்சிநாசினியைத் தெளித்தால் நிகழ்வது யாது? தத்திகள் பல மடியும். அவற்றோடு மிரிட்டும் சிலந்தியும் மடியும். அன்று மாலை வயல் துப்புரவானதாகவே தோன்றும். ஆனால், மடலினுள் இருக்கும் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஒரு வாரம் பத்து நாளில் அவை பொரிக்கும்போது, உண்பதற்குப் பயிர் இருக்கும். தடுப்பதற்குக் காவல் இராது. மீண்டும் மருந்து, மீண்டும் தத்தி. கடன் மட்டுமே வளரும்.

மிரிட் எப்போதும் வெல்லும் என்பதும் தவறு. யூரியாவை அளவின்றி இறைத்து, நெருக்கமாக விதைத்த வயலில் தத்தி அதனை முந்திவிடும்.

இந்தோனேசியா இப்பாடத்தைப் பெருநட்டத்தின் பின்னரே கற்றது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிநாசினிகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தலாகாதெனத் தடுத்தது. 1989இல் அங்கு வயற்பள்ளிகள் தொடங்கின. பயிரை விலக்கி அடியைப் பார்த்து, தத்திகள் எத்தனை, அவற்றை உண்ணும் பூச்சிகளும் சிலந்திகளும் எத்தனை என எண்ணிய பின்னரே தெளிகருவியைத் தோளிலேற்றுவதா வேண்டாமா எனத் தீர்மானிக்க உழவர் அங்கே பழகினர்.