தடய அறிவியல் படிக்கலாமா? தென்காசி மாணவர்களுக்கு ஒரு பேச்சு



சாரல் ஆரம்பிச்சா குற்றாலத்துல எவ்வளவு கூட்டம் வரும்னு தென்காசிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே தண்ணீர் சில நேரம் உயிரையும் எடுத்துவிடுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு மாணவன் இறந்துபோனதை நாம் மறக்கவில்லை. அது பலர் கண்முன்னே நடந்தது. யாருமே பார்க்காத நேரத்தில், ஒரு குளத்திலோ ஆற்றிலோ ஓர் உடல் மிதந்தால்? தண்ணீரில் விழும்போது அவருக்கு உயிர் இருந்ததா, இறந்த பிறகு கொண்டுவந்து போட்டார்களா? அந்தக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற சோதனைகளில் ஒன்று டயாட்டம் சோதனை. டயாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத பாசி வகை. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது, எளிதில் அழியாது. உயிரோடு மூழ்குகிறவர் தண்ணீரை உள்ளே இழுக்கும்போது அது நுரையீரலுக்குப் போகும். இதயம் துடித்துக்கொண்டிருப்பதால் ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய்ச் சேரும். எலும்பில் கிடைத்ததையும், அந்தக் குளத்து நீரில் இருப்பதையும் மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஆனா ஒண்ணு, தவறி விழுந்தாரா, யாராவது தள்ளினார்களா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. டயாட்டம் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் மூழ்கவில்லை என்றும் முடிவு கட்ட முடியாது. மாதிரி சொல்வதை மட்டும் எழுதணும், அதற்கு மேல் ஒரு வரி கூட எழுதக் கூடாது. இந்த வேலையின் கஷ்டமும் மரியாதையும் அதில்தான் இருக்கு. அந்த அறிக்கையால் ஒருவர் சிறைக்குப் போகலாம், ஒரு நிரபராதி வீட்டுக்கும் திரும்பலாம்.

நம்ம மாநிலத்துக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1849-லேயே சென்னையில் அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கிவிட்டது. இன்றைய தடய அறிவியல் துறைக்கு வேர் அதுதான். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி.சந்திரசேகரன், சிதறிக் கிடந்த துண்டுகளை ஆராய்ந்து, ஒரு பெண் தன் உடலில் கட்டியிருந்த குண்டுதான் வெடித்தது என்று எடுத்துக்காட்டினார். 2000-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

சரி, இதில் எப்படிச் சேர்வது? முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பிரேதப் பரிசோதனை செய்பவர் மருத்துவர், அதற்கு எம்.பி.பி.எஸ். படிக்கணும். விரல்ரேகைப் பிரிவு காவல்துறையில் இருக்கிறது. அதற்கான சார்பு ஆய்வாளர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு செய்கிறது. குற்றம் ஏன் நடக்கிறது என்று படிப்பது குற்றவியல். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு துறை உண்டு. ரத்தம், விஷம், துப்பாக்கிக் குண்டு, கையெழுத்து என்று ஆய்வகத்தில் சோதிப்பவர்தான் தடய அறிவியலாளர். நமக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலியில், வட்டார ஆய்வகம் இருக்கிறது.

இதற்குப் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு வேண்டும். பிறகு வேதியியல், இயற்பியல், உயிரியல் பாடங்களில் பட்டம், மேல்படிப்பு. நேரடியாகத் தடய அறிவியலே படிக்க விரும்பினால், காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கு. வேறு கல்லூரியில் சேர்வதானால், பாடத்தின் பெயரைப் பார்த்து மட்டும் பணம் கட்டிடாதீங்க. அங்கீகாரம் இருக்கா, ஆய்வகம் இருக்கான்னு நேரில் போய்ப் பாருங்க.

தமிழகத் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. அதன் இணையதளத்தில் ஒருமுறைப் பதிவைக் கைபேசியிலேயே செய்துவிடலாம். கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். எந்தப் பாடத்தில் என்ன பட்டம் வேண்டும் என்பது அறிவிக்கையில் இருக்கும். எந்த முதுகலையில் சேருவது என்று முடிவெடுக்கும் முன்பே பழைய அறிவிக்கை ஒன்றைப் படித்துவிடுங்கள்.

இனி இந்த வேலைக்கு ஆள் அதிகம் தேவைப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவுப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும். இதை முழுமையாகக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. இப்போது பிளஸ் டூ படிப்பவர்கள் பட்டம் வாங்குகிற காலமும் கிட்டத்தட்ட அதுதான்.

கடைசியா எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். எங்காவது சம்பவம் நடந்தால், அடிபட்டவருக்கு உயிர் இருந்தால் முதலில் 108. அடுத்து காவல்துறைக்குத் தகவல். அதற்கப்புறம், போட்டோ எடுக்க உள்ளே போகாதீங்க. எதையும் தொடாதீங்க, கழுவாதீங்க. நம் ஒரு காலடியில் அழிந்த தடயத்தை எந்த ஆய்வகத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.