பிரேக் விளக்கு எரிகிறதா?



நம் நாட்டில் காலை ஏழு மணியளவில்தான் பொழுது நன்றாக விடிகிறது. ஆனால் தோட்டத்து மக்களுக்குப் பொழுது அதற்கு வெகு நேரம் முன்பே தொடங்கி விடுகிறது. பெரட்டுக்குப் போகிறவர்கள், பால்வெட்டுக்குப் போகிறவர்கள், செம்பனைக் காட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கிறவர்கள் என எல்லாரும் இருட்டிலேயே மோட்டார் சைக்கிளை எடுக்கிறோம். அந்த இருட்டில் நமக்குப் பின்னால் வருகிறவருக்கு நம் முகம் தெரியாது, கைச்சைகை தெரியாது. நாம் நிற்கப் போகிறோம் என்பதை அவருக்குச் சொல்வது ஒரே ஒரு சிவப்பு விளக்குத்தான். அந்தப் பிரேக் விளக்கைப் பற்றியும், அதை எரிய வைக்கும் ஒரு சிறிய சுவிட்சைப் பற்றியும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

விளக்கு எரியாவிட்டால் என்ன வந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் தூரம் ஓடிவிடும். நீங்கள் பிரேக் பிடித்ததைப் பின்னால் வருபவர் ஒரு விநாடி தாமதமாக உணர்ந்தால், அவர் வண்டி அந்த 14 மீட்டரை வேகம் குறையாமலே கடந்துவிடும். நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டிலிருந்து மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டுச் செல்கிறோம். பிறர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. முன்னால் தெரிய வேண்டியது எவ்வளவு அவசியமோ, பின்னால் தெரிய வேண்டியதும் அவ்வளவு அவசியம்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் படித்த ஒரு பையனை அவனுடைய தந்தை நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். பல நாள் காலையில் நான் அவருக்குப் பின்னாலேயே வந்திருக்கிறேன். வளைவில் வேகத்தைக் குறைப்பார், விளக்கு எரியாது. பள்ளி வாசலில் நிறுத்துவார், அப்போதும் எரியாது. பார்த்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் மாலை பெரிய சாலையில் தோட்டத்துச் சந்திக்குத் திரும்ப அவர் வேகத்தைக் குறைத்தபோது, பின்னால் வந்த ஒரு கார் மோதிவிட்டது. உயிர் தப்பினார், கால் எலும்பு முறிந்தது. மாதக் கணக்கில் வேலையில்லை. தாய்க்கு உதவியாகப் பால் எடுக்கப் போன அந்தப் பையன் பள்ளிக்கு வருவதும் நின்று போயிற்று.

அவர்கள் லயத்துக்கு நான் போயிருந்தபோது அவர் சொன்னார்: “பல்பு மாத்திப் பார்த்தேன் சார், எரியல. சுவிட்சுதான் போயிருக்கு. அது கை போகாத இடத்துல இருக்கு. சம்பளம் வாங்கினதும் கடையில கொடுக்கலாம்னு விட்டுட்டேன்.” நான் தலைகுனிந்து, “உங்க பின்னாலயே வந்து பார்த்துக்கிட்டிருந்தேன் அண்ணே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து மாத்தியிருப்போமே” என்றேன்.

சில வெள்ளியில் கிடைக்கும் சாமான் அது. அதை மாற்றுவது எப்படி என்று இனிப் பார்ப்போம். நான் சொல்லப்போவது ஹோண்டா சி70, இஎக்ஸ்5 போன்ற, நாம் கப்சாய் என்று அழைக்கும் வண்டிகளுக்குப் பொருந்தும். 1958-இல் வெளிவந்த ஹோண்டா கப் வண்டியின் வழிவந்தவை இவை.

முதலில் அந்தச் சுவிட்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்வோம். வலது காலால் மிதிக்கும் பிரேக்கிலிருந்து ஒரு சிறிய ஸ்பிரிங் மேலே போகும். அதன் மறுமுனை சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு தண்டில் மாட்டியிருக்கும். நாம் மிதித்ததும் ஸ்பிரிங் அந்தத் தண்டைக் கீழே இழுக்கும். உள்ளே இரண்டு தகடுகள் சேரும். பேட்டரியின் மின்சாரம் பல்புக்குப் போகும். காலை எடுத்தால் தண்டு மேலே ஏறிவிடும், விளக்கு அணையும். அவ்வளவுதான். சேறும் மழைநீரும் தெறிக்கிற இடத்தில் இருப்பதால், காலப்போக்கில் தகடுகள் துருப்பிடிக்கும். தண்டு இறுகிப் போகும். அல்லது ஸ்பிரிங் அறுந்து விடும். தண்டு கீழேயே இறுகிவிட்டால் விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அதுவும் ஆபத்துத்தான். எப்போதும் எரிகிற விளக்கு பின்னால் வருபவருக்கு எதையும் சொல்வதில்லை.

சுவிட்சைக் கழற்றுமுன் குற்றம் அதில்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாவியைத் திருப்பி வையுங்கள். ஹாரனும் சிக்னலும்கூட வேலை செய்யாவிட்டால் முதலில் பேட்டரியையும் பியூஸையும் பாருங்கள். அவை நன்றாக இருந்தால், முன் பிரேக்கைக் கையால் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதற்கும் தனியாக ஒரு சுவிட்சு உண்டு. கைப் பிரேக்குக்கு விளக்கு எரிந்து, கால் பிரேக்குக்கு எரியாவிட்டால், பல்பு நல்ல பல்பு, குற்றம் காலடியில்தான். இரண்டுக்கும் எரியாவிட்டால் பல்பைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று சாதாரணப் பின்விளக்குக்கு, மற்றது பிரேக்குக்கு. ஒன்று எரிவதால் மற்றதும் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னும் ஒரு சோதனை உண்டு. சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகள் மேலே போய்ப் பக்கத்து மூடிக்குள் வண்டியின் கம்பிகளோடு சேரும். ஹோண்டா வண்டிகளில் ஒன்று கறுப்பு. மற்றது பச்சையில் மஞ்சள் கோடு போட்டது. சாவியை அணைத்துவிட்டு அந்த இணைப்புகளைப் பிரியுங்கள். வண்டிப் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு சிறு கம்பியால் சேர்த்து, பிறகு சாவியைத் திருப்புங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்சு போய்விட்டது என்று பொருள். கறுப்புக் கம்பி மட்டும் வண்டியின் இரும்பில் பட்டுவிடக் கூடாது. பட்டால் பியூஸ் போய்விடும்.

இப்போது வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சாவியை எடுத்துவிடுங்கள், பியூஸையும் கழற்றி வையுங்கள். புகைக்குழாய் இந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே போகிறது. ஆகவே வேலைவிட்டு வந்த சூட்டோடு கையை விடாதீர்கள். வண்டி ஒரு மணி நேரமாவது ஆறட்டும். பிறகு அந்த இடத்துச் சேற்றைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடையுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, கம்பிகள் எந்த வழியாக மேலே போகின்றன என்பதை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். கழற்றும்போது எல்லாம் நினைவிருக்கும் என்றுதான் தோன்றும். மாட்டும்போதுதான் சந்தேகம் வரும்.

அடுத்து ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். விரல் நுழையாத இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் ஸ்பிரிங் தெறித்து ஓடும், கையும் கிழியும். பால் கோப்பையைத் தாங்கும் கம்பியில் ஒரு துண்டை எடுத்து, முனையைக் கொக்கியாக வளையுங்கள். அதை ஸ்பிரிங்கின் வளையத்தில் மாட்டி மெல்ல இழுத்தால் தானே விடுபட்டு வரும். கம்பி இல்லையென்றால் உறுதியான நூலும் போதும்.

சுவிட்சைப் பிடித்திருப்பது ஒரு நட்டு. அது பெரும்பாலும் பிளாஸ்டிக்காக இருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் உடையும். நட்டைத்தான் திருப்ப வேண்டும். சுவிட்சைத் திருப்பினால் கம்பிகள் முறுக்கிக்கொள்ளும்.

நட்டு கழன்றதும் பழைய சுவிட்சை உடனே இழுத்துவிடாதீர்கள். மேலே பிரித்து வைத்த கம்பி முனைகளில் ஒரு நீண்ட நூலைக் கட்டுங்கள். பிறகு சுவிட்சை இழுங்கள். கம்பி வெளியே வரும்போது நூலும் அதே வழியில் உள்ளே போய் நிற்கும். அந்த நூலில் புதிய சுவிட்சின் கம்பியைக் கட்டி மேலிருந்து இழுத்தால், பழைய பாதையிலேயே அது போய்ச் சேரும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதன்று. பாவாடையின் பழைய நாடாவோடு புதிய நாடாவைக் கட்டி இழுக்கும் அதே வழிதான்.

புதிய சுவிட்சு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். நீளம், மரை, கம்பி முனை, ஸ்பிரிங்கின் அளவு ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். “ஏறக்குறைய இதுதான்” என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்காதீர்கள்.

புதியதைப் பொருத்தியபின் மேலே இரண்டு கம்பிகளையும் இணையுங்கள். எது எதோடு சேர்ந்தாலும் தவறில்லை. இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தானே சுவிட்சின் வேலை. ஆனால் வெறுமனே முறுக்கி டேப் ஒட்டி விடாதீர்கள். நம் ஊர் மழைக்கு அது தாங்காது. கம்பி புகைக்குழாயில் படாமலும், கால் பிரேக்கில் சிக்காமலும் கட்டி வையுங்கள்.

கடைசியாக, அளவைச் சரிசெய்ய வேண்டும். முதலில் பிரேக்கைப் பாருங்கள். கால்மிதியின் நுனி இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை சும்மா இறங்கி, அதன்பின் பிரேக் பிடிக்க வேண்டும். அதைச் சரிசெய்த பிறகே சுவிட்சுக்கு வர வேண்டும். பியூஸை மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். கையால் கால்மிதியை மெல்ல அழுத்துங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் விளக்கு எரிய வேண்டும். தாமதமாக எரிந்தால், நட்டைத் திருப்பிச் சுவிட்சைச் சற்று மேலே ஏற்றுங்கள். மிதிக்காமலே எரிந்தால் சற்றுக் கீழே இறக்குங்கள்.

அந்தத் தந்தை ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இந்த வேலையைச் செய்தோம். அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல நான் நட்டைத் திருப்பினேன். என் விரல் போகாத இடத்தில் பையனின் சிறிய விரல் போயிற்று; ஸ்பிரிங்கை மாட்டியவன் அவன்தான். பிறகு வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று, “எரியுதுப்பா!” என்று கத்தினான். மறுநாள் திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்தான். ஒரு மணி நேர வேலைதான். அதை மாதக் கணக்கில் தாமதமாகச் செய்தோம்.

ஆகவே நேயர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் வண்டியை எடுக்குமுன் ஒரு முறை பிரேக்கை மிதியுங்கள். வாசலில் நிற்கும் பிள்ளை விளக்கைப் பார்த்துச் சொல்லட்டும். பிள்ளை இல்லாவிட்டால் சுவரில் விழும் சிவப்பு ஒளியே சொல்லிவிடும். முன்னால் போகிறவரின் விளக்கு எரியாததைக் கண்டால், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல், முடிந்தால் கூட உட்கார்ந்து ஒரு கை கொடுங்கள்.