என் மகனுக்காக நான் பேசுகிறேன்

(எல்லப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் ஆற்றிய உரை.)



கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் மகனுக்கு ஆறு வயது. நாலைந்து சொல்தான் பேசுவான். அதனால் அவனுக்காக நான் பேச வந்திருக்கிறேன்.

அவனுக்கு இரண்டு வயதிலேயே முதலில் கவனித்தது நம்ம ஆயா அம்மாதான். "பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். ஆனா பிஸ்கட் பேப்பர் சத்தம் கேட்டா ஓடி வர்றான். காது நல்லாத்தான் கேக்குது, வேற என்னமோ இருக்கு" என்று சொன்னாங்க. மிட்வைஃப் அம்மா எழுதிக் கொடுத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளினிக் போகிற நாளில் பேர் விழாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் போனோம். பல தடவை பார்த்த பிறகு டொக்டர் "இது ஓட்டிசம்" என்றார். இது தொத்தாது. மருந்தால் மாறுவதும் இல்லை. மூளை வேலை செய்யும் விதமே வேறு. சின்ன வயதிலேயே பயிற்சி கொடுத்தால் பிள்ளை முன்னேறும் என்றும் சொன்னார்.

லயத்தில் பல கதை வந்தது. பேய் என்றார்கள், சாபம் என்றார்கள். நாங்களும் கோடங்கி பார்த்தோம், கயிறு கட்டினோம். "தாய் மலைக்குப் போயிட்டா பிள்ளை இப்பிடித்தான்" என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. டொக்டரிடம் அழுதேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பார்த்து இதைப் பற்றி எழுதினார். அதன்பிறகு பல வருடம், தாயின் பாசம் குறைந்ததுதான் காரணம் என்று பெரிய படிப்பாளிகளே சொன்னார்களாம். அது பிழை என்று பிறகு தெளிவாகிவிட்டது. நம்ம நாட்டில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் மற்றவர்களும் செய்து 2009இல் வெளிவந்த ஆய்வில், பார்த்த சின்னப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை இது.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அவன் காணாமல் போனான். ரயில் பாதைப் பக்கம் தனியாகப் போனதை நாலு பேர் கண்டிருக்கிறார்கள். யாரும் நிறுத்தவில்லை, எங்களுக்குச் சொல்லவும் இல்லை. லயமே டோர்ச் எடுத்து, பேர் சொல்லிக் கத்தித் தேடியது. கீழ் லயத்துத் தாத்தா ஒருவர்தான், "கத்தாதீங்க. பீலியடியில தண்ணி ஓடுறதையே பார்த்துக்கிட்டு நிப்பான், தண்ணி இருக்கிற இடமாப் பாருங்க" என்றார். தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கானில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் கத்திய சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான்.

அவனைக் காப்பாற்றியது அந்தத் தாத்தா அவனைக் கவனித்து வைத்திருந்ததுதான். அதனால் உங்களிடம் சிலதைக் கேட்கிறேன்.

அவன் தனியாகப் போவதைக் கண்டால் துரத்தாதீங்க. முன்னால் போய் நின்று, கையை நீட்டி, "வா" என்று மட்டும் சொல்லுங்க. எங்களுக்கும் ஆள் அனுப்புங்க.

அவனிடம் ஒரு சொல், இரண்டு சொல்லில் பேசுங்க. பொருளைக் காட்டுங்க. பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்க.

கீழே விழுந்து கத்தினால் அது அடங்காத்தனம் இல்லை. சத்தமும் கூட்டமும் அவனுக்குத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். சுற்றி நிற்காதீங்க, அடிக்காதீங்க, பிள்ளைகளை விலக்கி விடுங்க. தானாக அடங்குவான்.

திருவிழாவில் தப்பு அடிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் நாளே சொன்னால் போதும், அவனை எங்க அம்மா வீட்டில் விட்டுவிடுவேன்.

உங்க பிள்ளைகள் அவனைப் "பைத்தியம்" என்று கூப்பிட்டால் திருத்துங்க. டயர் உருட்ட அவனையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்க. அவன் நல்லா உருட்டுவான்.

இப்போது பாடசாலை விஷயம் இருக்கிறது. "இந்தப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்று கேட்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, ஊனத்தைக் காரணம் காட்டிப் பாடசாலையில் சேர்க்காமல் ஒதுக்கக் கூடாது. நான் கேட்டுப் போகும்போது உங்களில் இரண்டு பேராவது கூட வாங்க.

சின்னப் பிள்ளைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வயதாகியும் பேருக்குத் திரும்பாவிட்டால், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால், பேசிய பேச்சு நின்றுபோனால், "பிறகு சரியாகும்" என்று இருக்காதீங்க. மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்க. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டு பேருக்கும் இது வரலாம்.

நம்ம லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். என் மகன் அழுதால் உங்களுக்கும் கேட்கும். கேட்டதும் கதவைச் சாத்தாமல், "என்ன புள்ள, ஏதாவது செய்யணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. எனக்கு அது போதும்.